கரூரின் இரண்டு வங்கிகளும் கொரோனாவும்

கரூர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கொசுவலை, பஸ் பாடி, ஏற்றுமதிக்குப் போகும் படுக்கை விரிப்புகள். அந்த அளவு ஊரில் இரண்டு வங்கிகள் பிறந்து, இரண்டும் பல தலைமுறை தாண்டி நின்றன என்பதை வெளியூர்க்காரர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள். 1916-ல் கரூர் வைசியா வங்கி. சரியாகப் பத்து வருடம் கழித்து, 1926-ல் லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டையும் தொடங்கியவர்கள் உள்ளூர் வணிகர்கள். இரண்டுக்கும் ஆரம்பத்தில் சோறு போட்டவர்கள் அந்த வட்டாரத்து வியாபாரிகள், விவசாயிகள், அவசரத்துக்கு நகையை வைக்க வந்த குடும்பங்கள்.

2020-ல் கொரோனா வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் இவற்றில் ஒன்று பெயரே இல்லாமல் போயிற்று. மற்றது இன்றும் நன்றாக நடக்கிறது. ஒரே ஊர், ஒரே ஊரடங்கு, ஏறக்குறைய ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள். "கொரோனாவில் லட்சுமி விலாஸ் போய்விட்டது" என்று இப்போதும் பேச்சுவாக்கில் சொல்கிறார்கள். பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு அந்த வாக்கியம் நெருடுகிறது. ஒரு கொள்ளைநோய் வங்கியை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. ஒரு வங்கி நூறு ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது என்றால் அதில் அதன் சொந்தப் பணம் தோராயமாகப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான். மீதியெல்லாம் நம்மைப் போன்றவர்கள் போட்ட டெபாசிட். கடன் வாங்கியவன் கட்டினாலும் கட்டாவிட்டாலும் டெபாசிட்காரருக்கு வட்டியும் முதலும் கொடுத்தே ஆகவேண்டும். கடனில் ஐந்து ரூபாய் மூழ்கினால் அந்த நஷ்டம் சொந்தப் பணத்திலிருந்து போகும். பத்து ரூபாய் மூழ்கினால் சொந்தப் பணமே தீர்ந்தது. அதற்கு மேல் மூழ்குவது எல்லாம் டெபாசிட்காரரின் பணம். மூலதன விகிதம், வாராக்கடன் விகிதம் என்று பேப்பரில் போடுகிறார்களே, அவை இந்தக் கணக்கின் இரண்டு பக்கங்கள்தான்.

வழக்கமாக வங்கிக்கு வரும் தொல்லை ஒரு பக்கத்திலிருந்து வரும். ஒரு வருடம் பருத்தி விழும், இன்னொரு வருடம் இரும்பு விழும். கொள்ளைநோய் அப்படி இல்லை. பஸ் முதலாளி, ஓட்டல்காரர், கல்யாண மண்டபம், விசைத்தறி, சலூன் என்று எல்லோருடைய வருமானமும் ஒரே நாளில் நின்றது. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய வருடத்தைவிட 23.9 சதவீதம் குறைந்ததாக அரசு முதலில் அறிவித்தது. பணி செய்த காலத்தில் ஐந்து சதவீத வளர்ச்சி நாலாகக் குறைந்தாலே தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக வரும். இது நாலில் ஒரு பங்கு காணாமல் போன கதை.

இந்த நோய்க்கு நூறு வருடம் முன்னால் வந்த அண்ணனும் உண்டு. 1918-ல் பம்பாயில் இறங்கி நாடெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது கரூர் வைசியா வங்கி இரண்டு வயதுக் குழந்தை. சென்னையில் பாங்க் ஆஃப் மெட்ராஸ் இருந்தது. பின்னால் 1921-ல் அது கல்கத்தா, பம்பாய் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கியாயிற்று. 1913 முதல் 1918 வரை இந்தியாவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. அதற்குக் காய்ச்சலைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலானவை காய்ச்சல் வருவதற்கு முன்பே சூதாட்டத்திலும் போதாத மூலதனத்திலும் விழுந்தவை. யுத்தத்தால் வெள்ளித் தட்டுப்பாடு வேறு. ஒரு ரூபாய் நோட்டும் இரண்டரை ரூபாய் நோட்டும் அச்சானது அந்தச் சமயத்தில்தான். 1918-ல் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டுக் கூட்டமாக நின்றார்கள். அமெரிக்கா தன் கஜானாவிலிருந்து வெள்ளி அனுப்பித்தான் நிலைமை தணிந்தது.

அன்று ரிசர்வ் வங்கி இல்லை. அது 1935-ல் வந்தது. டெபாசிட் காப்பீடு இல்லை. அது 1962-ல் வந்தது. தவணையைத் தள்ளிப்போடு என்று சொல்ல ஆள் இல்லை. விழுகிற வங்கி விழுந்தது, போட்டவன் பணம் போயிற்று, அவ்வளவுதான். 2020-ல் நடந்ததை இதோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு. மூன்றாம் நாள், 27-ஆம் தேதி காலை, ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ் தொலைக்காட்சியில் வந்தார். (தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். நம் ஊர்த் தொழில் நிலவரம் அவருக்குப் புதிதல்ல.) ரெப்போ வட்டியை 5.15-லிருந்து 4.4 சதவீதமாகக் குறைத்தார். வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்கத்தை 4-லிருந்து 3 சதவீதமாக்கினார். இந்த ஒன்றிலேயே 1 லட்சத்து 37 ஆயிரம் கோடி ரூபாய் வங்கிகளின் கைக்கு வந்தது. கூடவே, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதி. அதைத்தான் மொரட்டோரியம் என்றார்கள். மே மாதம் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ரெப்போவும் 4 சதவீதத்துக்கு இறங்கியது.

மொரட்டோரியம் என்றால் கடன் தள்ளுபடி இல்லை. கட்ட வேண்டியது அப்படியே இருக்கும், வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் வங்கிக் கணக்கில் அது வேறொரு வேலையும் செய்தது. 90 நாள் தவணை வராவிட்டால் அந்தக் கடனை வாராக்கடன் என்று எழுதி, நஷ்டத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. மொரட்டோரியத்தில் அந்த 90 நாள் கடிகாரம் ஓடவில்லை. நிறுத்திவைத்துவிட்டார்கள். 2020 ஏப்ரல் கடைசியில் வங்கிகள் கொடுத்திருந்த கடனில் ஏறத்தாழப் பாதி இந்தச் சலுகைக்குள் இருந்தது என்று ரிசர்வ் வங்கியின் அறிக்கையே சொன்னது. யோசித்துப் பாருங்கள். பாதிக் கடன் வசூல் நின்றிருக்கிறது, ஏட்டில் ஒரு வாராக்கடனும் புதிதாக ஏறவில்லை.

இதோடு நிற்கவில்லை. ஆக்ராவைச் சேர்ந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தள்ளிவைத்த தவணைக்கு வட்டிக்கு வட்டி வாங்குவது நியாயமா என்று உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2020 செப்டம்பர் 3-ல் ஓர் இடைக்கால உத்தரவு: ஆகஸ்ட் 31 அன்று வாராக்கடனாக இல்லாத கணக்கு எதையும் மறு உத்தரவு வரை வாராக்கடன் என்று அறிவிக்கக் கூடாது. இறுதித் தீர்ப்பு 2021 மார்ச் 23-ல்தான் வந்தது. மொரட்டோரிய காலத்துக்கு வட்டிக்கு வட்டி கிடையாது, ஆனால் மொரட்டோரியத்தை நீட்டிக்கவும் முடியாது என்றார்கள். ஆக, ஒரு வருடத்துக்கும் மேலாக இந்திய வங்கிகளின் உடம்பில் காய்ச்சல் எவ்வளவு என்று தெர்மாமீட்டரில் பார்க்க முடியாத நிலை.

தெரியாததைக் கணிக்கத்தான் செய்தார்கள். 2020 மார்ச்சில் 8.5 சதவீதமாக இருந்த மொத்த வாராக்கடன் ஒரு வருடத்தில் 12.5 சதவீதமாகும், நிலைமை மிகவும் மோசமானால் 14.7 வரை போகும் என்று 2020 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கை சொன்னது. ஓய்வு பெற்ற எங்கள் குழுவில் அன்று அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதவர் இல்லை. நடந்தது என்ன? 2021 மார்ச்சில் ஏழரைக்குள். 2022 மார்ச்சில் ஆறுக்கும் கீழே. 2024 மார்ச்சில் 2.8.

கணித்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் கணக்கில் வராத அளவுக்கு அவகாசம் வாங்கித் தரப்பட்டது, அதுதான் விஷயம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2020 மே 13-ல் அறிவித்த 3 லட்சம் கோடி அவசரக் கடன் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 29 அன்று ஒரு சிறுதொழில் வைத்திருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகக் கடன், புதிதாக ஜாமீன் வேண்டாம், முழுக்க முழுக்க அரசின் உத்தரவாதம், முதல் ஒரு வருடம் அசல் கட்ட வேண்டாம். பின்னால் இதன் அளவு 5 லட்சம் கோடியானது. பழைய வங்கிக்காரனுக்கு இதில் ஒரு சிரிப்பு வரும். தடுமாறும் கணக்குக்கு மேலும் கடன் கொடுத்தால் எங்கள் காலத்தில் மெமோ வரும். இப்போது அரசே கொடு என்கிறது! ஆனால் அது வேலை செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. பவர்லூம் வைத்திருந்தவர் அந்தப் பணத்தில் ஆட்களுக்குக் கூலி கொடுத்தார், கரண்ட் பில் கட்டினார், மீண்டும் ஆர்டர் வந்தபோது தறி ஓடும் நிலையில் இருந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு ஊன்றுகோல் உண்டு, அது தங்கம். 2020 ஆகஸ்டில் சவரன் 40,000 ரூபாய்க்கு மேலே போயிருந்தது. அதே மாதம் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துவந்த கடனை 90 சதவீதம் வரை வங்கிகள் கொடுக்கலாம் என்றது. கழுத்தில் கிடந்தது கடையைக் காப்பாற்றிய குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கும். எந்த அறிக்கையிலும் 'மீள்திறன்' என்ற தலைப்பின் கீழ் வீட்டுப் பெண்களின் தாலிக்கொடி வராது. என்னைக் கேட்டால் வந்திருக்க வேண்டும். தென்னிந்திய வங்கிகளுக்கு அந்த இரண்டு வருடத்தில் கிடைத்த பத்திரமான வியாபாரம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த முறை மக்கள் பணத்தை எடுக்க ஓடவில்லை, போட வந்தார்கள். செலவு செய்ய வழியில்லை, எதிர்காலம் பயம். கடன் கேட்பார் குறைந்து, டெபாசிட் பெருகி, 2021 மார்ச்சில் வங்கிகளின் மொத்த டெபாசிட் 150 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. கிளைகள் ஊரடங்கிலும் திறந்தே இருந்தன. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வந்தபோது, கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி இந்த நாளில் இவர் வரலாம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளைகள் பலருக்கு நோய் தொற்றியது, சிலர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

இப்போது கரூருக்கு வருவோம்.

லட்சுமி விலாஸ் வங்கியின் நாடியைக் கொரோனா வருவதற்கு முன்பே பிடித்துப் பார்த்துவிட்டார்கள். சிறு வியாபாரிகளை வைத்து வளர்ந்த வங்கி, 2010-களில் பெரிய கம்பெனிக் கடன்கள் பக்கம் போனது. அவை திரும்பவில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் வைத்தது. அடுத்த மாதமே, இந்தியாபுல்ஸ் ஹவுசிங் நிறுவனத்தோடு இணையும் திட்டத்தை நிராகரித்தது. சீனாவின் வூஹானில் முதல் நோயாளி வருவதற்கு முந்தைய சமாசாரம் இது. 2020 மார்ச் 31 அன்று, அதாவது ஊரடங்கு தொடங்கி ஒரு வாரத்தில், அதன் மொத்த வாராக்கடன் 25 சதவீதத்துக்கு மேல். நூறில் இருபத்தைந்து. மூலதன விகிதம் குறைந்தபட்சம் 9 இருக்கவேண்டிய இடத்தில் 1.12.

அதே நாளில் கரூர் வைசியா வங்கியின் நிலை என்ன? அதுவும் ஒன்றும் பரிசுத்தமாக இல்லை. அதுவும் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்துச் சூடுபட்ட வங்கிதான்; மொத்த வாராக்கடன் 8.7 சதவீத அளவில் இருந்தது. நாட்டின் சராசரியைவிட ஒரு மயிரிழை அதிகம். ஆனால் மூலதனம் 17 சதவீதம்.

அந்த 17-க்கும் 1.12-க்கும் உள்ள வித்தியாசம்தான் நான் சொல்லவந்தது. அவகாசம் இரண்டு வங்கிக்கும் ஒரே அளவில்தான் கிடைத்தது. மொரட்டோரியமும், குறைந்த ரெப்போவும், அரசு உத்தரவாதக் கடனும் இரண்டுக்கும் பொது. அந்த அவகாசத்தில் கரூர் வைசியா நகைக்கடன் கொடுத்தது, பழைய நஷ்டத்துக்கு ஒதுக்கியது, வீட்டுத் துணிக்கு வெளிநாட்டில் மறுபடி கிராக்கி வந்தபோது ஏற்றுமதியாளருக்குக் கைகொடுக்கும் நிலையில் இருந்தது. லட்சுமி விலாஸ் அதே அவகாசத்தில் யாராவது முதலீடு போடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூலதனம் இல்லாத வங்கி புதுக் கடன் கொடுக்க முடியாது. கடன் கொடுக்காத வங்கிக்கு வருமானம் இல்லை. 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். அந்த மாதக் கடைசியில் மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது.

தீபாவளி அந்த வருடம் நவம்பர் 14. மூன்று நாள் கழித்து, 17-ஆம் தேதி மாலை, லட்சுமி விலாஸ் வங்கிக்கு மொரட்டோரியம் என்று அறிவிப்பு வந்தது. அதே வார்த்தைதான்! மார்ச்சில் கடன்காரருக்கு அந்தச் சொல் மூச்சுவிட நேரம் தந்தது. நவம்பரில் டெபாசிட்காரருக்கு அதே சொல் கதவைச் சாத்தியது. ஒரு மாதத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது; வைத்தியம், படிப்பு, கல்யாணம் என்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். டெபாசிட் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருந்தது, கையிருப்பு குறைந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கி காரணம் சொன்னது. நாடு முழுக்க வங்கிகளில் பணம் குவிந்துகொண்டிருந்த வருடத்தில், இந்த வங்கியிலிருந்து பணம் ஓடியது. நோய் எல்லோருக்கும் பொது, பயம் அப்படி இல்லை.

முன்னாள் கனரா வங்கித் தலைவர் டி.என். மனோகரன் நிர்வாகியாக வந்தார். பத்தே நாளில் வேலை முடிந்தது. நவம்பர் 27 முதல் லட்சுமி விலாஸ், சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு சேர்ந்தது. டிபிஎஸ் 2,500 கோடி கொண்டுவந்தது. சுமார் 20 லட்சம் டெபாசிட்காரர்களின் சுமார் 20,000 கோடி ரூபாயில் ஒரு பைசா போகவில்லை. 563 கிளைகளில் பலகை மாறியது. வேலை செய்தவர்கள் அதே சம்பளத்தில் தொடர்ந்தார்கள்.

பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். பங்குகள் முழுவதும் ரத்து. 318 கோடி ரூபாய் கடன் பத்திரங்களும் அப்படியே. இதை வெறும் பங்குச்சந்தைச் செய்தி என்று கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. நம் பக்கத்தில் இந்தப் பங்குகளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் சந்தை ஆடியவர்கள் அல்ல. தாத்தா வாங்கி, அப்பாவுக்கு வந்து, டிவிடெண்ட் வருகிறதே என்று பெட்டியில் வைத்திருந்தவர்கள் உண்டு. அதே வருடம் மார்ச் 5-ல் மொரட்டோரியத்துக்கு உள்ளான எஸ் வங்கியை ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தின. அங்கே 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் ரத்தாயின, ஆனால் சாதாரணப் பங்கு தப்பியது. எஸ் வங்கி பெரியது, விழுந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இருக்கலாம். மூலதனம் எதிர்மறையாகிவிட்ட வங்கியின் பங்குக்கு மதிப்பு இல்லை என்பதும் கணக்குப்படி சரி. கரூர்க்காரர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சிலர் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

மற்ற வங்கிகள் தப்பியதற்கும் இதே கதையைத் தலைகீழாகச் சொன்னால் போதும். 2015-ல் ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது எல்லா வங்கிகளின் ஏடுகளையும் புரட்டி, மறைத்துவைத்த வாராக்கடனை வெளியே எடுக்கச் சொன்னார். அப்போது கிளைகளில் இருந்தவர்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை. 2018-ல் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்துக்கு மேல் போயிற்று. பொதுத்துறை வங்கிகள் தொடர்ந்து ஐந்து வருடம் நஷ்டம் காட்டின, அரசு லட்சக்கணக்கான கோடிகளை மூலதனமாகக் கொட்டியது. கசப்புத்தான். ஆனால் கொரோனா வந்தபோது பழைய அழுக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியே வந்திருந்தது, மூன்றில் இரண்டு பங்கு வாராக்கடனுக்குப் பணமும் ஒதுக்கியிருந்தார்கள். 2020 மார்ச்சில் வங்கிகளின் சராசரி மூலதனம் 14.8 சதவீதம். ஏப்ரலில் டிவிடெண்ட் கொடுக்காதே என்றது ரிசர்வ் வங்கி. ஐசிஐசிஐ வங்கி ஆகஸ்டில் 15,000 கோடி புது மூலதனம் திரட்டியது, மற்றவையும் தொடர்ந்தன. 2021 மார்ச்சில் சராசரி 16-ஐத் தொட்டுவிட்டது. கொள்ளைநோயின் நடுவில் வங்கிகளின் மூலதனம் கூடியது! ஐந்து வருட நஷ்டத்துக்குப் பிறகு பொதுத்துறை வங்கிகள் எல்லாம் சேர்ந்து 2020-21-ல் 31,000 கோடிக்கு மேல் லாபம் காட்டின. (வாராக்கடன் விகிதம் இறங்கியதில் தள்ளி எழுதியதற்கும் பங்கு உண்டு. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 2 லட்சம் கோடி ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. வசூல் முயற்சி தொடரும் என்பார்கள். எவ்வளவு வரும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.)

இந்த லாபம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, வட்டி இறங்கும்போது வங்கியிடம் இருக்கும் பழைய அரசுக் கடன் பத்திரங்களின் விலை ஏறுவதால் வந்தது. இன்னொரு பகுதியை நாம் கொடுத்தோம். ஆமாம், நாம்தான். 2020 பிப்ரவரியில் ஸ்டேட் வங்கியின் ஒரு வருட டெபாசிட்டுக்கு 6 சதவீத வட்டி. செப்டம்பரில் 4.9. மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூட. பத்து லட்சம் போட்டிருந்த ஓய்வூதியக்காரருக்கு வருடத்துக்கு 65,000 வந்த இடத்தில் 54,000. அதே 2020-21-ல் சில்லறை விலைவாசி சராசரியாக 6.2 சதவீதம் ஏறியது. முதலே தேய்ந்தது என்று அர்த்தம். தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் 8.6-லிருந்து 7.4 ஆயிற்று. 2021 மார்ச் 31 அன்று அதையும் வெட்டி ஓர் உத்தரவு வந்து, மறுநாள் காலை "கவனக்குறைவாக வெளியானது" என்று நிதியமைச்சர் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். ஏப்ரல் 1 என்பதால் பலர் நம்பவில்லை!

கடன் வாங்கியவருக்கு வட்டி குறைந்தால் தொழில் பிழைக்கும், தொழில் பிழைத்தால் வங்கி பிழைக்கும், வங்கி பிழைத்தால் நம் முதல் பிழைக்கும். இந்த வாதம் எனக்குப் புரிகிறது, தப்பென்றும் சொல்லமாட்டேன். ஆனால் வங்கிகள் கொரோனாவைத் தாங்கி நின்றன என்று எழுதுகிறவர்கள், தாங்கிய தோள்களில் மாதவட்டியில் மருந்து வாங்கும் எழுபது வயதுக்காரரின் தோளும் ஒன்று என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? ஆக்ரா கடைக்காரரின் வட்டிக்கு வட்டிக்கு நீதிமன்றம் இருந்தது. டெபாசிட்காரரின் வட்டிக்கு வழக்குப் போட யாரும் இல்லை.

நமக்குக் கிடைத்த ஒரு நல்லது, காப்பீட்டு வரம்பு. 1993 முதல் 1 லட்சத்தில் நின்றிருந்த டெபாசிட் காப்பீடு 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமானது. இதற்கும் கொரோனாவுக்கும் சம்பந்தம் இல்லை. 2019-ல் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் பணம் மாட்டியவர்களின் அழுகை அதற்குப் பின்னால் இருந்தது. 2021-ல் சட்டத்தைத் திருத்தி, வங்கிக்கு இப்படித் தடை வந்தால் 90 நாளுக்குள் அந்த 5 லட்சம் வரையிலான பணத்தைத் தரவேண்டும் என்றும் ஆக்கினார்கள். இது ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளையும் எல்லாக் கணக்குகளையும் சேர்த்து, முதலும் வட்டியுமாக. மூன்று கிளையில் மூன்று டெபாசிட் போட்டால் மூன்று காப்பீடு என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படி இல்லை. கணவன்-மனைவி கூட்டுக் கணக்கு தனிக் கணக்காக எடுத்துக்கொள்ளப்படும்.

2022 மே முதல் ரெப்போ ஏற, 2023-ல் டெபாசிட் வட்டியும் 7-ஐ ஒட்டி வந்தது. 2020-ல் பயந்துபோய் ஐந்து வருடத்துக்கு ஐந்தரையில் பூட்டியவர்கள் அபராதம் கட்டி உடைப்பதா, பொறுப்பதா என்று கணக்குப் போட்டார்கள். லட்சுமி விலாஸில் கணக்கோ பங்கோ வைத்திருந்தவர்கள் இந்தப் பக்கம் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். டெபாசிட் காப்பீடு நம் நாட்டில் வரக் காரணமாக இருந்த பாலை சென்ட்ரல் வங்கி 1960-ல் விழுந்த கதையை அடுத்த பதிவில் பார்ப்போம்.